வாசலிலிருந்து வார்டு வரை: கள்ளக்குறிச்சியின் மருத்துவக் கணக்கு

திருநாவலூரில் நள்ளிரவில் ஒருவருக்கு நெஞ்சு வலி வந்தால் வண்டியை எந்தப் பக்கம் திருப்புவது? சுந்தரர் பிறந்த ஊர் என்று தமிழ்நாடு முழுக்கப் பெயர் பெற்ற இந்த ஊர் கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில் இருக்கிறது. மாவட்டத்தின் அரசு மருத்துவக் கல்லூரி கள்ளக்குறிச்சியை ஒட்டிய சிறுவங்கூரில் இருக்கிறது. வரைபடத்தில் நேர்கோடு போட்டாலே ஏறக்குறைய 45 கிலோமீட்டர். பக்கத்து மாவட்டமான விழுப்புரத்தின் மருத்துவக் கல்லூரி முண்டியம்பாக்கத்தில். அதற்கு நேர்கோட்டில் 30 கிலோமீட்டர் சொச்சம்தான், அதுவும் சென்னை – திருச்சி நெடுஞ்சாலையில். பாண்டி ஜிப்மர்கூட 50 கிலோமீட்டர் அளவில் வந்துவிடுகிறது. உளுந்தூர்பேட்டை ஜி.எச்.சில் முதலுதவி கொடுத்து ‘மேல் சிகிச்சைக்கு’ என்று எழுதிவிட்டால், வீட்டுக்காரர்கள் முண்டியம்பாக்கத்தையோ ஜிப்மரையோ கேட்பதில் நியாயம் இருக்கிறது.

இதில் கணக்கெடுப்பவர்கள் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. 1969ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டப்படி, பிறப்பும் இறப்பும் நிகழ்ந்த இடத்தில்தான் பதிவாகும். திருநாவலூர்ப் பெண்ணுக்கு முண்டியம்பாக்கத்தில் குழந்தை பிறந்தால் அது விழுப்புரம் மாவட்டப் பதிவேட்டில் ஏறும். அங்கே ஓர் உயிர் போனாலும் அப்படியே. கிழக்கு ஓரத்து ஒன்றியங்களின் நல்லதும் கெட்டதும் பாதி பக்கத்து மாவட்டத்துக் கணக்கில் போய் உட்காருகின்றன.

கள்ளக்குறிச்சி தமிழ்நாட்டின் 34ஆவது மாவட்டமாக 2019 நவம்பர் 26 அன்று செயல்படத் தொடங்கியது. பரப்பு ஏறத்தாழ 3,520 சதுர கிலோமீட்டர். 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி இந்த எல்லைக்குள் இருந்தவர்கள் 13,70,281 பேர். ஊராட்சி ஒன்றியங்கள் ஒன்பது. கிழக்கே திருநாவலூர், மேற்கே கல்வராயன்மலை. நெல்லும் கரும்பும் விளையும் சமவெளி ஒரு பக்கம், மலையாளி பழங்குடியினர் வாழும் சிற்றூர்கள் சிதறிக் கிடக்கும் மலை மறுபக்கம். இரண்டுக்கும் ஒரே மாவட்டச் சராசரி போட்டால் அது இரண்டு பக்கத்துக்கும் பொருந்தாது.

அந்தச் சராசரிகூட ஒழுங்காகக் கையில் இல்லை. இந்தியாவில் மாவட்ட அளவிலான சுகாதாரப் புள்ளிவிவரத்துக்கு எல்லாரும் புரட்டுவது தேசியக் குடும்ப நல ஆய்வு. அதன் ஐந்தாவது சுற்று தமிழ்நாட்டில் 2020, 2021ஆம் ஆண்டுகளில் நடந்தது. ஆனால் மாதிரி எடுக்க 2017 மார்ச் மாத மாவட்டப் பட்டியலைப் பயன்படுத்தினார்கள். அதில் தமிழ்நாட்டுக்கு 32 மாவட்டங்கள். கள்ளக்குறிச்சி பழைய விழுப்புரத்துக்குள் கரைந்துபோனது. ஒரு புது மாவட்டம் பிறந்தபோது அதன் குழந்தைகளில் எத்தனை பேருக்கு இரத்தசோகை, தாய்மார்களில் எத்தனை பேருக்கு அறுவைப் பிரசவம் என்ற தொடக்கப் பதிவே தனியாக எழுதப்படவில்லை. பின்னால் முன்னேற்றம் என்று எதைச் சொன்னாலும், எதிலிருந்து முன்னேற்றம் என்று கேட்டால் பதில் சொல்ல அடிப்படை எண் கிடையாது.

ஆகவே மாநில விகிதங்களை எடுத்து இந்த மக்கள்தொகையின் மேல் வைத்துப் பார்ப்பதுதான் வழி. மாதிரிப் பதிவு முறையின் 2020ஆம் ஆண்டு கணக்குப்படி தமிழ்நாட்டின் பிறப்பு விகிதம் ஆயிரத்துக்கு 13.8. 13.7 லட்சம் பேருக்கு ஆண்டுக்கு ஏறக்குறைய 18,900 குழந்தைகள். அதே ஆண்டில் தமிழ்நாட்டின் சிசு மரண விகிதம் ஆயிரத்துக்கு 13. அகில இந்தியச் சராசரியான 28இல் பாதிக்கும் குறைவு. 2018-20இல் பேறுகால மரண விகிதம் லட்சத்துக்கு 54, நாட்டுக்கு 97. மேடையில் பெருமையாகச் சொல்லத்தக்க எண்கள், சொல்வதில் தப்பும் இல்லை.

இவற்றைத் தலைகளாக மாற்றுவோம். மாநிலச் சராசரி அப்படியே பொருந்தினால் கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் ஆண்டுக்கு ஒரு வயது நிறையாமல் இறக்கும் குழந்தைகள் 246. பிரசவத்தோடு தொடர்புடைய காரணங்களால் இறக்கும் தாய்மார்கள் 10. இப்போது கேரளத்தின் அதே காலத்து விகிதங்களை, அதாவது சிசு மரணம் 6, பேறுகால மரணம் 19 என்பதை வைத்துப் போட்டால் குழந்தைகள் 113, தாய்மார்கள் 3 அல்லது 4. வித்தியாசம் 130க்கு மேற்பட்ட குழந்தைகள், ஆறேழு தாய்மார்கள். ஒரே மாவட்டத்தில், ஒரே ஆண்டில். பக்கத்து மாநிலம் செய்து காட்டிவிட்ட காரியம் இது. எட்டாத வெளிநாட்டு இலக்கு இல்லை. தமிழ்நாட்டின் விகிதம் அதற்குப் பிறகு இன்னும் குறைந்திருக்கிறது, கேரளத்தோடு உள்ள இடைவெளி தீரவில்லை.

மருத்துவமனைப் பிரசவம் தமிழ்நாட்டில் 99.6 சதவீதம் என்கிறது அந்த ஐந்தாவது ஆய்வு. மீதி 0.4 சதவீதத்தை யாரும் பேசுவதில்லை. 18,900 பிறப்புகளில் அது 75 பிரசவம். சாலை ஓரத்துச் சமவெளி ஊர்களில் நடக்க வாய்ப்புக் குறைவு. தார் ரோடு போய்ச் சேராத மலைச் சிற்றூர்களில்தான் நடக்கும். 75இல் பெரும்பகுதி ஒரே ஒன்றியத்தில் குவிந்தால் அந்த ஒன்றியத்துக்கு அது 0.4 சதவீதமாக இருக்காது. மாநிலச் சராசரியில் அது தெரியவும் தெரியாது.

மத்திய அரசின் விதிமுறை எளிமையானது. சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம், 30,000 பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம். மலையிலும் பழங்குடிப் பகுதியிலும் 3,000 பேருக்கும் 20,000 பேருக்கும் ஒன்று. மாவட்டம் முழுவதையும் சமவெளி என்றே வைத்துக்கொண்டாலும் 2011 தொகைக்கு 274 துணை நிலையங்களும் 46 ஆரம்ப சுகாதார நிலையங்களும் வேண்டும். இந்தத் தலைக்கணக்கு சமவெளிக்குப் பொருந்தும். திருநாவலூர் ஒன்றியத்தில் 5,000 பேர் இரண்டு மூன்று கிராமங்களுக்குள் இருப்பார்கள். நர்சம்மா ஸ்கூட்டியில் ஒரு காலையில் சுற்றி வந்துவிடலாம். கல்வராயன்மலையில் 3,000 பேர் எத்தனையோ சிற்றூர்களில் பிரிந்திருப்பார்கள். நடுவே ஓடையும் காடும் இருக்கும். மழைக்காலத்தில் ஓடை நிறைந்தால் இரண்டு கிலோமீட்டர் தூரம் அரை நாள் ஆகிவிடும். அதனால்தான் மலைப் பகுதிகளுக்கு அரை மணி நேர நடைத் தூரத்துக்குள் ஒரு துணை நிலையம் என்ற நேர அளவையும் பிறகு விதிமுறையில் சேர்த்தார்கள். நல்ல அளவுகோல். அதை ஊர் ஊராக நடந்து பார்த்து யாராவது எழுதி வைத்தால்தான் பயன்.

நேரம் ஏன் இவ்வளவு முக்கியம்? குழந்தை பிறந்த பிறகு உதிரப்போக்கு நிற்காத தாய், சிகிச்சை கிடைக்காவிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் இறந்துபோகலாம். கல்வராயன்மலையின் தலைமையிடமான வெள்ளிமலையிலிருந்து கச்சிராயபாளையம் வழியாக மலைப்பாதை இறங்கி கள்ளக்குறிச்சி சேரவே அந்த இரண்டு மணி நேரத்தில் பெரும்பகுதி போய்விடும். வெள்ளிமலைக்கே வந்து சேர முடியாத உள்காட்டு ஊர்களில் தூளி கட்டித் தோளில் தூக்கி வருவது இன்னும் பழங்கதையாகவில்லை. 108 ஆம்புலன்ஸ் தமிழ்நாட்டில் 2008 செப்டம்பர் 15 அன்று ஓடத் தொடங்கியது. சக்கரம் போகிற இடம் வரைதான் அது வரும். அந்த இடம் வரை நோயாளியைக் கொண்டுவரும் செலவு ஊராருடையது. நான்கு ஆள் தூக்க வேண்டும், மாற்றித் தூக்க இன்னும் நான்கு ஆள் வேண்டும். எட்டு பேரின் அன்றைய கூலி எந்த ஆஸ்பத்திரி நோட்டிலும் ஏறுவதில்லை.

மலையின் பின்தங்கலுக்கு வயது உண்டு. கல்வராயன்மலை 1976 வரை ஜாகீர்தார்களின் கையில் இருந்தது. நாடு சுதந்திரம் அடைந்து 29 ஆண்டுகள் கழித்துத்தான் அந்த ஜாகீர்கள் ஒழிக்கப்பட்டு நிலம் அரசிடம் வந்தது. சமவெளியில் ஆரம்ப சுகாதார நிலையங்கள் கட்டத் தொடங்கிய முதல் இரண்டு பத்தாண்டுகளுக்கு மேல் இந்த மலை இழந்திருக்கிறது. 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதிகள் எஸ்.எம்.சுப்பிரமணியம், சி.குமரப்பன் அமர்வு கல்வராயன்மலை மக்களின் வாழ்நிலையைத் தாமாக முன்வந்து வழக்காக எடுத்தது. சாலை, பள்ளி, ஆஸ்பத்திரி என்று அரசிடம் கேள்விகள் கேட்டது. நீதிமன்றத்தின் பார்வை இந்த மலைப் பக்கம் திரும்பக் காரணம் மருத்துவத் துறையின் அறிக்கை எதுவும் இல்லை. ஒரு மாதம் முன்பு கீழே நகரத்தில் நிகழ்ந்த சாராயச் சாவுகள். அந்தச் சாவுகளைப் பிறகு பார்ப்போம்.

முதலில் பணம். 2017-18இல் எடுத்த 75ஆவது தேசிய மாதிரி ஆய்வு இந்திய கிராமப்புறத்துக்கு ஒரு கணக்குச் சொல்கிறது. பிரசவம் நீங்கலாக ஒருமுறை ஆஸ்பத்திரியில் படுத்தால் ஆகும் சராசரி மருத்துவச் செலவு அரசு மருத்துவமனையில் 4,290 ரூபாய், தனியாரில் 27,347 ரூபாய். பிரசவத்துக்கு அரசில் 2,404, தனியாரில் 20,788. தமிழ்நாட்டில் அரசு மருத்துவமனையின் செலவு இதைவிடக் குறைவு என்று வாதிடலாம். மருந்து வாங்கித் தர 1994இல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் இருக்கிறது, வெளியே மருந்து எழுதுவது இங்கே குறைவு. தனியார் பில் இங்கே குறைவு என்று யாரும் வாதிட மாட்டார்கள்.

இந்த ரூபாயை ஊர்க் கூலியில் போட்டுப் பார்க்க வேண்டும். அந்த ஆண்டில் தமிழ்நாட்டுக்கு அறிவிக்கப்பட்ட நூறு நாள் வேலைக் கூலி 205 ரூபாய். முழுக்கூலி கிடைத்தது என்றே வைத்துக்கொள்வோம்.

அரசு மருத்துவமனையில் பிரசவம்: 12 நாள் கூலி.
அரசு மருத்துவமனையில் ஒருமுறை படுக்கை: 21 நாள் கூலி.
தனியாரில் பிரசவம்: 101 நாள் கூலி.
தனியாரில் ஒருமுறை படுக்கை: 133 நாள் கூலி.

நூறு நாள் வேலைத் திட்டம் அப்போது ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு உறுதி செய்ததே 100 நாள். தனியாரில் ஒரு பிரசவம் அந்த ஆண்டின் மொத்த வேலையையும் விழுங்கி ஒரு நாள் கடனும் வைக்கிறது. வேறு நோய்க்குப் படுத்தால் அடுத்த ஆண்டின் மூன்றில் ஒரு பங்கும் சேர்ந்து போகிறது.

இதில் பஸ் செலவும் துணைக்கு வந்தவரின் சாப்பாடும் கூலி இழப்பும் சேரவில்லை. ஒருவர் ஐந்து நாள் வார்டில் படுத்திருந்தால், கூட இருக்கும் ஆளோடு சேர்த்துப் பத்து நாள் வேலை போகிறது. 2025-26இன் அறிவிக்கப்பட்ட கூலியான 336 ரூபாயில் அது 3,360. சிகிச்சைக்கு ஒரு ரூபாய்கூட வாங்காத அரசு மருத்துவமனையில் படுத்தவருக்கும் இந்தச் செலவு உண்டு. பெண்களுக்குச் சாதாரண நகரப் பேருந்தில் 2021 மே மாதம் முதல் கட்டணம் இல்லை. 2024இல் சில மலைப் பகுதிகளுக்கும் அது விரிந்தது. உண்மையான உதவி இது. கர்ப்பிணிப் பெண் மாதப் பரிசோதனைக்கு வர இருபது ரூபாய் கேட்டு வீட்டில் நிற்க வேண்டியதில்லை. பஸ் வரும் நேரத்துக்கும் ஓ.பி. சீட்டு கொடுக்கும் நேரத்துக்கும் பொருத்தம் இருந்தால் அந்த உதவி முழுமையாகும். காலை எட்டு மணிக்குள் வரிசையில் நிற்க வேண்டிய மருத்துவமனைக்கு மலையிலிருந்து முதல் பஸ் ஒன்பதரைக்கு வந்து சேர்ந்தால், டோக்கன் முடிந்து மறுநாள் வரச் சொல்வார்கள். மறுநாள் என்பது இன்னும் ஒரு நாள் கூலி.

பிரசவத்தின் வரவுப் பக்கத்தையும் பார்த்துவிடலாம். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில் 18,000 ரூபாய். அதில் 14,000 பணமாக, 4,000 இரண்டு ஊட்டச்சத்துப் பெட்டகமாக. தவணை தவணையாக வரும். பணம் வர கர்ப்பப் பதிவுக்கான பிக்மி எண் வேண்டும், ஆதார் வேண்டும், பெயர் ஒத்துப்போகும் வங்கிக் கணக்கு வேண்டும். நர்சம்மாவின் நோட்டில் கர்ப்பம் சீக்கிரமே ஏறியிருக்க வேண்டும். சமவெளிப் பெண்ணுக்கு இவை பெரும்பாலும் அமைந்துவிடும். வேலை தேடிக் குடும்பத்தோடு மலையை விட்டு வெளியே போய் ஏழாம் மாதத்தில் திரும்பும் பெண்ணுக்குப் பதிவே தாமதம், தவணையும் தாமதம். சத்தான சாப்பாடு தேவைப்படும் மாதங்கள் கடந்த பிறகு வரும் சத்துணவுப் பணம் கடன் அடைக்கத்தான் போகும். 15 முதல் 49 வயதுள்ள தமிழ்நாட்டுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு இரத்தசோகை என்று ஐந்தாவது ஆய்வு சொன்னதை இதன் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும்.

அதே ஆய்வில் என்னை அதிகம் கவலைப்படுத்தும் எண், அறுவைப் பிரசவம் 44.9 சதவீதம் என்பது. அரசில் 36, தனியாரில் 63.8. தனியாரில் பிறக்கும் மூன்று குழந்தைகளில் ஏறக்குறைய இரண்டு கத்தி வைத்துப் பிறக்கின்றன. தேவைப்பட்ட இடத்தில் அறுவை உயிர் காக்கும். மலைச் சிற்றூருக்கு அது எட்டாமல் இருப்பதும் நெடுஞ்சாலை ஓரத்தில் அளவுக்கு மீறி நடப்பதும் ஒரே மாவட்டத்தில் பக்கம் பக்கமாக இருக்கின்றன. மாநிலச் சராசரி இந்த இரண்டையும் சேர்த்து ஓர் எண்ணாக்கித் தருகிறது.

காப்பீடு இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. 2009இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தொடங்கி, 2012இல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாகி, 2018இல் மத்தியத் திட்டத்தோடு இணைந்தது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை. 2022இல் புதுப்பித்தபோது ஒரு குடும்பத்துக்கு அரசு கட்டிய பிரீமியம் ஆண்டுக்கு 849 ரூபாய். இருதய அடைப்புக்கும் மூட்டு மாற்றத்துக்கும் புற்றுநோய்க்கும் இது பெரிய ஆதரவு; ஏழை வீட்டில் நிலம் விற்காமல் ஸ்டென்ட் வைக்க முடிந்தது இதனால்தான். ஆனால் பெரும்பாலும் படுத்தால்தான் காப்பீடு. படுக்காமல் வெளிநோயாளியாகப் போய் வரும் சர்க்கரை, இரத்த அழுத்தம், கிளினிக் ஊசி, பஸ், கூலி இழப்பு எதுவும் இதில் வராது. கிராமத்துக் குடும்பம் மாதா மாதம் கரைவது அங்கேதான்.

சர்க்கரையும் அழுத்தமும் இனி பட்டணத்து நோய்கள் இல்லை. 2020இல் தமிழ்நாட்டில் தொற்றா நோய்களுக்காக எடுத்த ஸ்டெப்ஸ் ஆய்வில் 18 முதல் 69 வயதுள்ளவர்களில் 33.9 சதவீதம் பேருக்கு உயர் இரத்த அழுத்தம், 17.6 சதவீதம் பேருக்கு நீரிழிவு. கட்டுக்குள் வைத்திருந்தவர்கள் அழுத்தத்தில் 7.3 சதவீதம், சர்க்கரையில் 10.8 சதவீதம் மட்டுமே. கள்ளக்குறிச்சியில் அந்த வயதினர் 9 லட்சம் என்று வைத்துக்கொண்டால், அழுத்தம் உள்ளவர்கள் 3 லட்சத்துக்கு மேல். கட்டுக்குள் வைத்திருப்பவர்கள் 22,000. மீதி இரண்டே முக்கால் லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் பக்கவாதத்தையும் சிறுநீரகக் கோளாறையும் நோக்கி, பெரும்பாலும் தெரியாமலே, போய்க்கொண்டிருக்கிறார்கள்.

இங்கேதான் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் ஓர் உண்மையான திருப்பம். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கியது. ஊர்ப் பெண் ஒருவர் தோளில் ஒரு பையோடு வாசலுக்கு வருகிறார். பையில் பிரஷர் கருவி, விரல் நுனியில் ஒரு சொட்டு இரத்தம் எடுத்துச் சர்க்கரை பார்க்கும் கருவி, கீற்றுகள், அம்லோடிபின், மெட்ஃபார்மின், ஒரு பதிவேடு. திண்ணையில் உட்கார வைத்துக் கையில் பட்டை சுற்றி, எண்ணை எழுதி, மாத்திரையைக் கொடுத்துவிட்டுப் போகிறார். நோயாளிக்கு பஸ் இல்லை, வரிசை இல்லை, கூலி இழப்பு இல்லை. நான் மேலே சொன்ன வெளிநோயாளிச் செலவின் பெரும்பகுதியை இந்த ஒரு பை அடித்துவிடுகிறது. 2023-24இல் மீண்டும் ஆய்வு செய்தபோது அழுத்தத்தைக் கட்டுக்குள் வைத்தவர்கள் 7.3இலிருந்து 17 சதவீதமாக உயர்ந்திருந்தார்கள். கள்ளக்குறிச்சியின் கணக்கில் அது 22,000 பேர் 52,000 ஆவது. இதைச் செய்யும் பெண்ணுக்குத் தொடக்கத்தில் மாதம் கொடுத்த ஊக்கத்தொகை 4,500 ரூபாய். ஒரு நாளைக்கு 150 ரூபாய். ஏரி வேலைக்குப் போனாலே அதற்கு மேல் கிடைக்கும். இவ்வளவு பலன் தரும் வேலைக்கு இவ்வளவு குறைந்த கூலி கொடுப்பது எனக்குக் கொஞ்சமும் சம்மதமில்லை.

வயலில் நிற்பவர்களுக்கு இன்னும் இரண்டு செலவுகள் உண்டு. ஒன்று சிறுநீரகம். தமிழ்நாட்டில் 3,350 விவசாயத் தொழிலாளர்களைச் சோதித்த ஆய்வில் 5.31 சதவீதம் பேருக்கு நாள்பட்ட சிறுநீரக நோய் உறுதியானது. அதில் ஏறக்குறைய பாதிப் பேருக்குச் சர்க்கரை, அழுத்தம் போன்ற வழக்கமான காரணம் எதுவும் இல்லை. வெயிலில் நீண்ட நேர வேலையோடும் உடல் வெப்பத்தோடும் இதைத் தொடர்புபடுத்துகிறார்கள். இருபது தொழிலாளிக்கு ஒருவர். கரும்பு வெட்டு நடக்கும் திருநாவலூர், உளுந்தூர்பேட்டைப் பக்கத்தில் வெட்டாள் கூட்டம் ஒன்றில் ஒருவராவது இருக்கக்கூடும். முற்றிய நிலையில் வாரத்துக்கு இரண்டு மூன்று முறை டயாலிசிஸ். இயந்திரத்துக்குக் கட்டணம் இல்லாவிட்டாலும், வாரத்தில் மூன்று நாள் போய் வந்தால் அந்த வீட்டில் இருவரின் பாதி வாரம் போயிற்று.

மற்றது பாம்பு. இந்தியாவில் 2000 முதல் 2019 வரை பாம்புக்கடியால் இறந்தவர்கள் ஏறக்குறைய 12 லட்சம் பேர், ஆண்டுக்குச் சராசரி 58,000 என்று ஓர் ஆய்வு மதிப்பிட்டது. பெரும்பாலும் கிராமத்தில், மழைக்காலத்தில், வேலை செய்கிற வயதில். தமிழ்நாடு 2024 நவம்பரில் பாம்புக்கடியை அறிவிக்கை செய்யப்பட வேண்டிய நோயாக்கியது. விஷம் ஏறிய ஒருவருக்கு முதல் சுற்றிலேயே 8 முதல் 10 குப்பி விஷமுறி மருந்து வேண்டும். ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தின் குளிர்சாதனப் பெட்டியில் இரண்டு குப்பி இருந்தால் பதிவேட்டில் ‘இருப்பு உண்டு’ என்று எழுதலாம்; கடிபட்டவருக்கு அது போதாது. ஆகவே இருப்பைக் குப்பி எண்ணிக்கையில் எழுதாமல் எத்தனை நோயாளிக்குப் போதும் என்று எழுத வேண்டும்.

இனி சாராயம். 2024 ஜூன் 18, 19 தேதிகளில் கள்ளக்குறிச்சி நகரின் கருணாபுரத்திலும் சுற்று ஊர்களிலும் மெத்தனால் கலந்த சாராயம் குடித்தவர்களில் இறந்தவர்கள் 68 பேர். மருத்துவமனைக்கு வந்தவர்கள் இருநூறுக்கும் மேல். பதின்மூன்று மாதம் முன்புதான், 2023 மே மாதத்தில், மரக்காணம் பக்கத்திலும் செங்கல்பட்டு மாவட்டத்திலும் இதே மெத்தனால் 22 பேரைக் கொன்றிருந்தது. ஒரு பாக்கெட் சாராயம் 50, 60 ரூபாய். டாஸ்மாக்கில் சாதாரண ரகக் குவார்ட்டர் அந்த ஆண்டு பிப்ரவரியில்தான் 130இலிருந்து 140 ஆகியிருந்தது. 80 ரூபாய் வித்தியாசம், கூலி வேலை செய்து உடம்பு வலிக்குக் குடிக்கிறவருக்குப் பெரிய தொகை.

மெத்தனால் உடம்பில் ஃபார்மிக் அமிலமாக மாறும். 10 மில்லி போனாலே கண் பார்வை போகலாம். 30 மில்லி உயிரை எடுக்கலாம். குடித்தவுடன் தெரியாது. 12 முதல் 24 மணி நேரம் கழித்துத்தான் வயிற்று வலி, மங்கல், மூச்சுத் திணறல். அதற்குள் ஃபோமெபிசோலோ எத்தனாலோ கொடுத்து, பைகார்பனேட் ஏற்றி, டயாலிசிஸ் செய்தால் பிழைக்க வைக்க முடியும். ஒரே இரவில் அத்தனை பேருக்கும் டயாலிசிஸ் செய்ய ஒரு மருத்துவமனையால் முடியவில்லை. கள்ளக்குறிச்சியில் வைத்துப் பார்த்தவர்கள் போக மற்றவர்களைச் சேலத்துக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் ஜிப்மருக்கும் பிரித்து அனுப்பினார்கள். மருத்துவக் கல்லூரி திறந்து இரண்டரை ஆண்டுதான் ஆகியிருந்தது.

இறந்தவர் குடும்பத்துக்குத் தலா 10 லட்சம் ரூபாய் அரசு அறிவித்தது. 68 பேருக்கும் போட்டால் 6 கோடியே 80 லட்சம். பெற்றோர் இருவரையும் இழந்த குழந்தைகளுக்கு 18 வயது வரை மாதம் 5,000. கண் மங்கியவரின், சிறுநீரகம் கெட்டவரின், இனி வேலைக்குப் போக முடியாதவரின் மீதி வாழ்நாள் கூலி எந்த அறிவிப்பிலும் முழுதாக அடங்காது. பழி கல்வராயன்மலையின் மேலும் விழுந்தது. ஊறல் போடும் மலை என்ற பெயர் அதற்கு உண்டு. ஆனால் அந்த இரவில் கொன்றது தொழிற்சாலைப் பயன்பாட்டுக்கான மெத்தனால்; மலையில் ஊறவைத்துக் காய்ச்சிய சரக்கில்லை.

இப்போது இரண்டு பெரிய எண்கள். 2023-24இல் டாஸ்மாக் மூலம் அரசுக்கு வந்த வருவாய் 45,855 கோடி ரூபாய். 2024-25 வரவு செலவுத் திட்டத்தில் மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு ஒதுக்கியது 20,198 கோடி. தமிழ்நாட்டின் ஏழே முக்கால் கோடி மக்களுக்குப் பிரித்தால், தலைக்கு மதுவிலிருந்து வந்தது ஆண்டுக்கு 5,900 ரூபாய்க்கு மேல். மருத்துவத்துக்குப் போனது சுமார் 2,600. ஒரு நாளைக்கு 7 ரூபாய். இந்த 2,600ஐ மாவட்டத்தின் 13.7 லட்சம் பேருக்குச் சமமாகக் கொடுத்தால் ஆண்டுக்கு 356 கோடி வரும். ஒரு புதிய மருத்துவக் கல்லூரிக்கு மத்தியத் திட்டம் வைத்த அடிப்படை மதிப்பீடு 325 கோடி. அதில் 195 கோடி மத்திய அரசு, 130 கோடி மாநில அரசு. கட்டடத்துக்கு ஒரே முறையில் போடும் தொகையும், மாவட்டம் முழுவதன் ஓராண்டு மருந்து, சம்பளம், படுக்கை எல்லாவற்றுக்குமான பங்கும் ஏறக்குறைய ஒன்றே. கட்டடம் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். கருணாபுரத்து இரவில் அது இல்லாமல் இருந்திருந்தால் எத்தனை உயிர் கூடப் போயிருக்கும் என்று நினைக்கவே முடியவில்லை. ஆண்டுதோறும் வர வேண்டிய பணம் அதன் பின்னால் வந்துகொண்டே இருக்க வேண்டும்.

அந்தக் கல்லூரி 2022 ஜனவரி 12 அன்று தமிழ்நாட்டின் 11 புதிய கல்லூரிகளில் ஒன்றாகத் திறக்கப்பட்டது. 11இலும் சேர்த்து 1,450 இடம்; கள்ளக்குறிச்சிக்கு 150. அகில இந்திய ஒதுக்கீட்டுக்கு 15 சதவீதம் போக மாநிலத்துக்கு 127 அல்லது 128. அதில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீதம் 9 அல்லது 10 இடம். பழங்குடியினருக்கான 1 சதவீதம் ஒரே ஓர் இடம், அதுவும் தமிழ்நாடு முழுவதிலும் உள்ள பழங்குடி மாணவர்களுக்கு. முதல் அணி 2022 பிப்ரவரியில் வகுப்புக்கு வந்தது. நாலரை ஆண்டுப் படிப்பு, ஓராண்டு பயிற்சி. 2027 ஆகஸ்டுக்கு மேல்தான் அவர்கள் கையெழுத்துப் போடும் டாக்டர்கள் ஆவார்கள். அந்த 150 பேரில் எத்தனை பேர் வெள்ளிமலைக்குப் போவார்கள் என்பது, அங்கே இருக்க வீடும், பிள்ளைக்குப் பள்ளியும், இரவில் துணைக்கு இன்னொரு டாக்டரும் இருக்கிறார்களா என்பதைப் பொறுத்தது.

அதே 2027இல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வருகிறது. 16 ஆண்டுகளாக 13,70,281 என்ற ஒரே எண்ணை வைத்துப் போட்ட கணக்கெல்லாம் அப்போது மாறும். கணக்கெடுப்பு அட்டவணையில் கள்ளக்குறிச்சிக்கு முதல் முறையாகச் சொந்த வரிசை கிடைக்கும். மாவட்ட நிர்வாகம் அதற்குக் காத்திருக்க வேண்டியதில்லை. நர்சம்மாக்களின் பதிவேடுகளும் 108இன் பயண நேரங்களும் மருத்துவமனைகளின் ரெஃபர் சீட்டுகளும் இன்றே இருக்கின்றன. ஒன்பது ஒன்றியங்களுக்கும் தனித்தனியாக மூன்று எண்களை மாதந்தோறும் ஒன்றிய அலுவலகப் பலகையில் எழுதி ஒட்டட்டும்: கர்ப்பிணியின் வீட்டிலிருந்து அறுவை அரங்கம் உள்ள மருத்துவமனைக்கு எத்தனை நிமிடம், அந்த மாதம் மேல் சிகிச்சைக்கு எழுதி அனுப்பப்பட்டவர்கள் எந்த ஊருக்கு எத்தனை பேர், அவர்களில் வீடு திரும்பியவர்கள் எத்தனை பேர். முண்டியம்பாக்கத்திலும் ஜிப்மரிலும் சேர்ந்த திருநாவலூர்க்காரர்களையும் திருநாவலூர்ப் பலகையிலேயே எழுத வேண்டும்.